பைக்கில் வராத பயம் சைக்கிளில் வருகிறது. அந்தப் பயத்தை நம்பலாமா?

நெரிசலான சாலையில் ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் சில நாள் பைக்கிலும் சில நாள் சைக்கிளிலும் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பைக்கில் மனம் நிம்மதியாக இருப்பதாகவும், சைக்கிளில் முதுகுக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியின் சத்தத்துக்கும் உடம்பு கூசுவதாகவும், அதனால் சைக்கிளை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது ஆபத்துக் குறைந்தது என்ற கேள்வியாக அது தோன்றினாலும், உங்கள் பயம் சரியான இடத்தைத்தான் சுட்டுகிறதா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் பல ஆண்டுகளாக ஓட்டுபவன், புதியவர்களுக்கு ஓட்டப் பயிற்சி தருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அது இடம் மாறி நிற்கிறது. சைக்கிளில் பின்புறத்துக்குத் தேவைக்கு மேல் அஞ்சுகிறீர்கள். பைக்கில் முன்புறத்துக்கு அஞ்ச வேண்டிய அளவு அஞ்சுவதில்லை.

எது ஆபத்துக் குறைந்தது என்பதற்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில், ஓடும் தொலைவைக் கொண்டு கணக்கிட்டால், பைக்கில் செல்பவர்களின் இறப்பு விகிதம் காரில் செல்பவர்களுடையதைப் போல இருபது மடங்குக்கும் மேல். பிரிட்டனின் அரசுப் புள்ளிவிவரங்களில், அதே தொலைவுக்குப் பைக் ஓட்டுபவர்கள் இறக்கும் விகிதம் சைக்கிள் ஓட்டுபவர்களுடையதைவிடப் பல ஆண்டுகளாகவே சில மடங்கு கூடுதலாக இருக்கிறது. ஆனால் இவை நெடுஞ்சாலை, நகரச் சாலை, பதினெட்டு வயதுக்காரர், ஐம்பது வயதுக்காரர் எல்லோரையும் ஒன்றாகக் கலந்த சராசரிகள். உங்கள் ஒன்பது கிலோமீட்டருக்கு அவற்றை அப்படியே பொருத்துவது சரியாகாது. ‘பைக்கில் நிம்மதியாக இருக்கிறது, ஆகவே அதுவே பாதுகாப்பு’ என்ற முடிவுக்கு அவை இடம் தரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பைக்கின் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்தவற்றுள் இன்றும் பேசப்படுவது, ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்து 1981-ல் வெளியான ஆய்வு. ஏறக்குறைய 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். மேலும் 3,600 காவல்துறை அறிக்கைகளையும் பார்த்தார்கள். விபத்துகளில் சுமார் நான்கில் மூன்று பங்கு இன்னொரு வண்டியுடன் மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு விட வேண்டிய வழியை விடாமல் குறுக்கே வந்தது மற்ற வண்டிதான். எதிரே வந்த கார் சந்திப்பில் பைக்கின் முன்னால் திரும்பியது, அல்லது கிளைச் சாலையிலிருந்து வெளியே வந்தது என்பதே மீண்டும் மீண்டும் காணப்பட்ட வடிவம். ஆய்வு பழையது, ஒரே ஊரைச் சேர்ந்தது. ஆயினும் சந்திப்புகளில் ‘பார்த்தேன், ஆனால் பைக் கண்ணில் படவில்லை’ என்று கார் ஓட்டுநர் சொல்லும் விபத்து, பின்னால் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் முன்வரிசையிலேயே நின்றிருக்கிறது.

அந்த ஓட்டுநர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் ஒரு பைக்கை முழுமையாக மறைக்கும் அளவு அகலமானது. நீங்களும் அந்தக் காரும் ஒரே சந்திப்பை நோக்கிச் சீரான வேகத்தில் நெருங்கும்போது, அவர் பார்வையில் உங்கள் இடம் மாறுவதே இல்லை. தூணுக்குப் பின்னால் போனால் அங்கேயே இருந்துவிடுவீர்கள். தூண் மறைக்காவிட்டாலும், நேரே நெருங்கி வரும் சிறிய உருவத்தின் வேகத்தைக் கணிப்பதில் மனிதக் கண் பலவீனமானது. பெரிய லாரி அருகில் வந்துவிட்டதாகவும், அதே தூரத்தில் அதே வேகத்தில் வரும் பைக் இன்னும் நேரம் எடுக்கும் என்பதாகவும் அதற்குத் தோன்றுகிறது. தலையை வேகமாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பும்போது கண் தாவும் அந்தக் கணங்களில் மூளைக்குப் படமே போவதில்லை என்பதும் நன்கு நிறுவப்பட்ட உண்மை.

ஆகவே கிளைச் சாலையில் ஒரு கார் நிற்பதைக் கண்டால் ஓட்டுநரின் கண்ணைத் தேடாதீர்கள். அவர் உங்களை நேராகப் பார்த்தபடியே வண்டியை எடுக்கக்கூடும். காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரத் தொடங்குவது பம்பரில் தெரியுமுன்பே சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வதில் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரல்களை முன்பிரேக் மேல் வைத்து, உங்கள் தடத்துக்குள்ளேயே பக்கவாட்டில் சற்று நகருங்கள். அந்தப் பக்கவாட்டு அசைவு உங்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். தூணின் மறைவிலிருந்தும் வெளியே கொண்டுவரும். விரலைப் பிரேக் மேல் வைப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் ஹர்ட் ஆய்வின்படி, ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து மோதும் வரை பைக் ஓட்டியவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது இரண்டு விநாடிக்கும் குறைவு.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். நல்ல உலர்ந்த சாலையில், விழிப்போடு இருப்பவர் சுதாரிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டு நன்றாகப் பிரேக் பிடித்தால், மணிக்கு 40 கிலோமீட்டரில் வருபவர் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்பார். 60-ல் வருபவருக்கு 38 மீட்டர் வேண்டும். இதைவிட முக்கியமான செய்தி இந்தக் கணக்குக்குள் மறைந்திருக்கிறது: 40-ல் வந்தவர் முழுவதும் நின்றுவிட்ட அதே இடத்தை 60-ல் வந்தவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 50-க்கு மேல் இருக்கும், ஏனெனில் அவர் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருப்பார். சந்திப்புகள் நெருக்கமாக வரும் பகுதியில் இருபது கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பதால் உங்கள் ஒன்பது கிலோமீட்டரில் இழப்பது சில நிமிடங்களே, ஏனென்றால் அடுத்த சிவப்பு விளக்கில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கப் போகிறோம்.

முன்பிரேக்கைக் கண்டு அஞ்சுபவர்களைப் பயிற்சியில் நிறையப் பார்க்கிறேன். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு வருகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரம்தான் செய்ய முடியும். பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிற்கும் தூரமும் கூடும். மேற்சொன்ன ஆய்வில் தப்பிக்க முயன்ற பலரிடமும் கண்ட குறை இதுவே. லீவரைச் சட்டென்று இழுக்காமல், முதலில் மெல்ல அழுத்தி முன்னால் உள்ள சஸ்பென்ஷன் அமர்வதை உணர்ந்து, அதன்பின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டி சக்கரம் பூட்டாமல் காக்கும் என்றாலும், தேவையான அழுத்தத்தைக் கொடுக்கும் துணிச்சலை அது கொடுக்காது. காலியான மைதானத்தில் வாரம் ஒருமுறை சில நிமிடம் பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். சைக்கிளுக்கும் விதி இதுவே. சைக்கிள் உயரமும் இலேசும் ஆனதால் இடுப்பைச் சீட்டின் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு பிடிக்க வேண்டும், அவ்வளவே.

இனி சைக்கிளுக்கு வருகிறேன். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து இடிப்பதைத்தான் எல்லோரும் முதலில் அஞ்சுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை அஞ்சுவது இயல்பு. ஆனால் நகரச் சாலைகளில் சைக்கிள் மோதல்களில் பெரும்பகுதி சந்திப்புகளிலும், கிளைச் சாலைகள் சேரும் இடங்களிலும், நின்றிருக்கும் கார்களின் அருகிலுமே நடக்கின்றன. இதில் ஒரு விலக்கைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வண்டிகள் வேகமாகப் போகும் ஊர்ப்புறச் சாலைகளில், குறிப்பாக இருட்டில், பின்னால் வந்து இடிக்கும் விபத்து குறைவானதல்ல. நடந்தால் உயிருக்கே கேடாக முடிவதும் அதுதான். உங்கள் பாதையில் அப்படிப்பட்ட ஒரு துண்டு இருந்தால் அங்கே உங்கள் பயம் சரியானதே. அந்தத் துண்டுக்கு மட்டுமாவது வேறு வழி தேடுங்கள்.

மற்ற இடங்களில் அந்தப் பயம் செய்யும் கெடுதல் என்னவென்றால், அது உங்களைச் சாலையின் விளிம்புக்குத் தள்ளுகிறது. விளிம்பில் ஓட்டுபவருக்குக் குப்பை, கண்ணாடித் துண்டு, வடிகால் மூடி எல்லாம் சக்கரத்தின் கீழ் வருகின்றன. ஒரு குழியைத் தவிர்க்க நடுவே திரும்பினால் பின்னால் வருபவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். கிளைச் சாலையில் நிற்கும் காருக்கு அவர் சுவர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே கடைசிக் கணத்தில்தான் தெரிவார். எல்லாவற்றுக்கும் மேலாக, இடமே இல்லாத சாலையில் இடம் இருப்பதாகப் பின்னால் வருபவருக்குத் தோன்றி, அவர் உரசிக்கொண்டு முந்துவார். விளிம்பிலிருந்து குறைந்தது முக்கால் மீட்டர், முடிந்தால் ஒரு மீட்டர் தள்ளி, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். தடம் குறுகி, காரும் சைக்கிளும் ஒன்றாகப் போக முடியாத இடத்தில், அந்த நூறடி தூரத்துக்குத் தடத்தின் நடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நின்றிருக்கும் கார்களின் ஓரத்தில் இந்த இடைவெளி இன்னும் முக்கியம். காரின் கதவு முழுவதும் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். அதன் விளிம்பு உங்கள் ஹேண்டில்பாரின் நுனியைத் தொட்டாலே போதும்: ஹேண்டில் அந்தப் பக்கம் வெட்டி, நீங்கள் எதிர்ப்பக்கம், அதாவது ஓடும் வண்டிகளின் பக்கம் விழுவீர்கள். வரிசையாக நிற்கும் கார்களைக் கடக்கும்போது பின்கண்ணாடி வழியே சீட்டில் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, உள்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும் வழக்கம் தானாக வந்துவிடும். ஆனால் கறுப்புக் கண்ணாடி ஒட்டிய காரில் எதுவும் தெரியாது என்பதால், கதவின் வீச்சுக்கு வெளியே இருப்பதைத்தான் நான் நம்புவேன். காரில் இருப்பவர் கதவுக்குத் தொலைவிலுள்ள கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்த்துவிடும். இந்தப் பழக்கத்தை நீங்கள் காரில் போகும்போது பின்பற்றுங்கள், வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க முடியுமென்றால், அது லாரியையும் பேருந்தையும் பற்றியதாக இருக்கட்டும். நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சிவப்பு விளக்கில் நிற்கும் லாரிக்கும் ஓரக்கட்டைக்கும் நடுவே போதுமான அகலம் இருப்பதாகத் தோன்றும். விளக்கு மாறி லாரி ஓரப்பக்கம் திரும்பும்போது அந்த இடம் மூடிக்கொள்ளும். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கதவை ஒட்டி நிற்கும் சைக்கிள் கண்ணாடியில்கூடத் தெரியாமல் போகலாம். லண்டனில் 2015 முதல் 2017 வரை சைக்கிள் ஓட்டுபவர்கள் இறந்த விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கனரக வண்டிகள் சம்பந்தப்பட்டிருந்தன. ஓடும் வண்டிகளில் அவற்றின் பங்கோ மிகச் சிறியது. ஓட்டுநரின் நேரடிப் பார்வை எவ்வளவு என்பதை அளந்து லாரிகளுக்கு அனுமதி தரும் விதியை அந்த நகரம் 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியதற்கு இதுவே காரணம். லாரியின் ஓரப்பக்கம் புகாதீர்கள், இண்டிகேட்டர் போடாமல் நின்றாலும் புகாதீர்கள். பின்னால் நில்லுங்கள்; அல்லது அதன் முன்சக்கரத்துக்கு நன்றாக முன்னால், ஓட்டுநர் தலையைத் திருப்பாமலே காணும் இடத்தில் நில்லுங்கள். பைக்குக்கும் இது அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

இரண்டையும் ஓட்டுபவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: ஒன்றின் பழக்கம் மற்றதற்குள் நுழைந்துவிடுவது. பைக்கில் ஆபத்தைக் கண்டு ஆக்சிலரேட்டரைத் திருகி விலகிப் போகலாம். சைக்கிளில் அந்தச் சக்தி காலில் இல்லை, ஆனால் மனம் இருப்பதாக நினைத்து இடைவெளியைக் கணிக்கும். பைக்கில் கண்ணாடியைப் பார்த்தே தடம் மாறும் வழக்கம் வந்துவிடும். கண்ணாடியில்லாத சைக்கிளில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்க்கும் பக்கமே கை சாய்ந்து சைக்கிள் அங்கே ஓடிவிடும். ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் நேராக ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பதை ஆளில்லாத இடத்தில் பழகுங்கள். உங்கள் முதுகுப் பயத்துக்கு நான் அறிந்த மருந்துகளில் இதற்கு ஈடானது வேறில்லை: பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்தவர் சத்தத்தை மட்டும் கேட்டுக் கூச வேண்டியதில்லை. திரும்பிப் பார்க்கும் முகத்தைக் கண்ட ஓட்டுநர் சற்று வேகத்தைக் குறைப்பதையும் கவனித்திருக்கிறேன். இது என் அனுபவம் மட்டுமே. மறுபுறம், சைக்கிளில் நெரிசலுக்கு நடுவே மெல்ல நுழைந்து போய்ப் பழகியவர் அதையே பைக்கில் மூன்று மடங்கு வேகத்தில் செய்கிறார். கார்களுக்கு நடுவே பைக்கில் செல்வது சட்டப்படி செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். கலிபோர்னியாவில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு, போக்குவரத்தின் வேகத்தைவிட மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாதவரை அது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்று கண்டது. வேக வேறுபாடே காயத்தைத் தீர்மானிக்கிறது என்ற அதன் கருத்து எனக்கு ஏற்புடையது. ஆனால் அகலமான தடங்களும் ஒழுங்கான வரிசைகளும் உள்ள சாலைகளின் எண்ணை நெருக்கியடித்துச் செல்லும் சாலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பாதியளவே போதும்.

இனி ஐயத்துக்குரியவை. பைக்கில் தலைக்கவசம் பற்றி ஐயமே இல்லை: பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2008-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அது இறப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணித்தது. தாடைப் பட்டையைப் பூட்டாமல் அணிந்தால் அது தலையில் நிற்காது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கியிருக்கும். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும். சைக்கிள் கவசமும் தலைக்காயத்தைக் குறைக்கிறது என்பது உறுதி, எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. ஐரோப்பியத் தரச் சோதனையில் அது தாங்க வேண்டிய மோதல் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவிலானதே. லாரியிடமிருந்து காப்பாற்றுவது அதன் வேலையன்று. விழும்போது தலை தரையில் மோதுவதைத் தாங்குவதே அதன் வேலை, அதற்காகவே நான் அணிகிறேன். கவசம் அணிந்தவரைக் கார்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாக முந்துகின்றன என்று இயான் வாக்கர் 2007-ல் வெளியிட்ட ஆய்வை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதே தரவை 2013-ல் மறுபடி ஆராய்ந்த வேறிருவர், ஆபத்தான அளவுக்கு நெருங்கி முந்துவதற்கும் கவசத்துக்கும் தொடர்பில்லை என்றார்கள். கவசத்தைக் கழற்றுவதற்கு அது போதிய காரணமாகாது.

கண்ணில் படுவது பற்றி உறுதியானது இது: பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு உடைகள் பகலில் உதவும், இருட்டில் அவற்றின் ஒளிர்வுக்குத் தேவையான புறஊதாக் கதிர் இல்லாததால் பெரிதாக உதவாது. இரவில் வேண்டியவை விளக்கும், ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டைகளும். அந்தப் பட்டைகளை முதுகில் மட்டும் அணியாமல் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால், மேலும் கீழும் போகும் கால்களைக் கண்டு ஓட்டுநர் ‘இது ஒரு மனிதர்’ என்று நெடுந்தொலைவிலேயே அறிந்துகொள்வதாக ஆஸ்திரேலியச் சோதனைப் பாதைகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. சைக்கிள்கள் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைகிறது என்று ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 2003-ல் காட்டிய தொடர்பும் உண்மையே. ஆனால் ஆட்கள் கூடியதால் சாலை பாதுகாப்பானதா, சாலை பாதுகாப்பானதால் ஆட்கள் கூடினார்களா என்பது இன்னும் தீராத வாதம்.

புகையைச் சுவாசிப்பது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சைக்கிள் மிதிப்பவர் கூடுதலாக மூச்சு வாங்குவதால் கூடுதலாகப் புகையை இழுக்கிறார் என்பது உண்மை. காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுபவர்களைப் பற்றி நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட கணக்கில், உடற்பயிற்சியால் ஆயுளில் 3 முதல் 14 மாதம் கூடும், புகையால் 0.8 முதல் 40 நாள் வரையும் விபத்தால் 5 முதல் 9 நாள் வரையும் குறையும் என்று வந்தது. அது அந்நாட்டுச் சாலைகளையும் காற்றையும் அடிப்படையாகக் கொண்டது. காற்று மிக மோசமான இடத்தில் இலாபம் சுருங்கும். பெருஞ்சாலைக்கு ஒரு தெரு தள்ளிப் போனாலே புகை கணிசமாகக் குறையும்.

ஆகவே சைக்கிளை விட வேண்டாம் என்பதே என் கருத்து. மழை நாட்களில் மட்டும் யோசியுங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் மழை தொடங்கும் முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து மிகவும் வழுக்கும். சாலையில் வரைந்த கோடுகள், இரும்பு மூடிகள், தண்டவாளங்கள் மழை முழுவதும் வழுக்கும். அவற்றின் மேல் சாயாமலும் பிரேக் பிடிக்காமலும் நேராகக் கடக்க வேண்டும். தண்டவாளத்தைக் கூடிய மட்டும் செங்குத்தாகக் கடக்க வேண்டும். தேங்கிய நீர் குழியை மறைத்திருக்கும் நாளில் பைக்கானாலும் சைக்கிளானாலும் என் தேர்வு பேருந்துதான்.

உங்கள் சாலையை நான் பார்த்ததில்லை என்பதால், எந்த இடத்தில் தடத்தின் நடுவை எடுப்பது, எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்பதைச் சொல்ல முடியவில்லை. சாலையோரம் கார்கள் நிறுத்தப்படுகின்றனவா, லாரிகள் எந்த நேரத்தில் ஓடுகின்றன, வண்டிகள் மிக வேகமாகப் போகும் துண்டு எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் எழுதினால் அந்த ஒன்பது கிலோமீட்டரைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம்.